உத்திரமேரூர் வட்டார மண் வீடுகள்: மனை, சுவர், கூரை

உத்திரமேரூர் வட்டார மண் வீடுகள் என்பவை காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள ஏரிப்பாசனச் சிற்றூர்களில் மண், பனை, மூங்கில், ஓலை, வைக்கோல், நாட்டு ஓடு, சுண்ணாம்பு ஆகிய உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு கட்டப்பட்ட குடியிருப்புகள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இவ்வட்டாரத்தின் பெரும்பாலான மக்கள் இத்தகைய வீடுகளிலேயே வாழ்ந்தனர். செலவு குறைவு, வெப்பத்தைத் தாங்கும் தன்மை, இடித்தால் மீண்டும் மண்ணோடு சேர்வது ஆகிய காரணங்களால் இவை இன்று நீடித்த கட்டுமானத்திற்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றன. அதே வேளையில் இவற்றில் வாழ்ந்தவர்களுக்கு இவை வறுமையின் அடையாளமாகவும் இருந்தன. இந்த இரண்டு மதிப்பீடுகளுக்கும் காரணம் வீட்டின் மூன்று பகுதிகளின் வரலாற்றில் உள்ளது: வீடு நிற்கும் மனை, அதன் சுவர், அதன் கூரை. மூன்றில் சுவரே மலிவானது. மனை உரிமையும் கூரையுமே வீட்டின் தரத்தைத் தீர்மானித்தன.

அமைவிடமும் பொருள்களும்

உத்திரமேரூர் காஞ்சிபுரம் நகரிலிருந்து தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது. வடக்கே செய்யாறு ஓடி, திருமுக்கூடல் அருகே பாலாற்றில் கலக்கிறது. ஆறுகளைவிட ஏரிகளே இவ்வட்டார வேளாண்மைக்கு அடிப்படை. ஊரின் பெரிய ஏரி பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் எனப்பட்டது.

ஏரி பயிருக்கு நீர் தந்ததோடு வீட்டுக்கு மண்ணும் தந்தது. கோடையில் நீர் வற்றியதும் ஏரியின் உட்பகுதியில் களிமண்ணும் வண்டலும் எடுக்கப்பட்டன. மேட்டு நிலங்களில் செம்மண்ணும் சரளையும் கிடைத்தன. ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நின்ற பனைமரங்கள் கூரைக்கு வேண்டிய மரத்தையும் ஓலையையும் கொடுத்தன. நெல் அறுவடைக்குப் பின் வைக்கோலும் உமியும் கிடைத்தன. அடித்தளத்திற்கான கருங்கல் அருகிலிருந்த குன்றுகளிலிருந்து வந்தது. வீட்டுக்கு வேண்டிய பெரும்பாலான பொருள்கள் மாட்டுவண்டி ஒரு நாளில் சென்று திரும்பும் தொலைவுக்குள் அடங்கின.

கல்வெட்டுகளில் மனையும் வீடும்

உத்திரமேரூர் 8ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக உருவானது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இவை ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருத்தல், வேதக் கல்வி, வயது வரம்பு ஆகியவற்றுடன் மற்றொரு தகுதியும் கேட்கப்பட்டது. உறுப்பினராக விரும்புபவர் தம் சொந்த மனையில் வீடு எடுத்து அதில் குடியிருக்க வேண்டும் என்பதே அது.

குடவோலை பற்றிய நூல்கள் பெரும்பாலும் தேர்தல் முறையையே விளக்குகின்றன. வீட்டு வரலாற்றுக்கு மனை பற்றிய இந்த விதியே முக்கியமானது. சொந்த மனையில் உள்ள வீடு வாழிடமாக மட்டும் இருக்கவில்லை. ஊர் நிர்வாகத்தில் பங்கு பெறுவதற்கான தகுதியாகவும் இருந்தது. இச்சபை பிராமணர்களின் சபை. ஊரில் உழைத்த பிற மக்களும் பெண்களும் இதில் இடம்பெறவில்லை.

அதே கல்வெட்டு ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகிறது. ஏரியைப் பேணுவது அதன் கடமை. ஏரியில் தூர் எடுப்பதற்காக வழங்கப்பட்ட அறக்கொடைகளைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. தூர் எடுப்பது ஏரியின் கொள்ளளவைக் காத்தது. அதனால் வெளிவந்த மண் கரைக்கும் வயலுக்கும் பயன்பட்டது.

கட்டுமானப் பொருளும் தகுதியும்

இடைக்காலத்தில் எந்தப் பொருளால் வீடு கட்டுவது என்பது வசதியை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. சோழர் காலத்தில் பிரமதேயங்களுக்கு அளிக்கப்பட்ட உரிமைகளில், சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமையும் செப்பேடுகளில் இடம்பெறுகிறது. கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்றில் கம்மாளர்களுக்கு வழங்கப்பட்ட உரிமைகளில், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளும் உரிமையும் ஒன்று. ஆணையிட்டு இவ்வுரிமைகள் வழங்கப்பட்டதிலிருந்து, அவை எல்லோருக்கும் இயல்பாக உரியனவாக இருக்கவில்லை என்பது தெரிகிறது.

உத்திரமேரூரின் கோயில்களில் கருங்கல், சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சுதை ஆகிய மூன்றும் பயன்பட்டன. சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்று தள விமானமும், கைலாசநாதர் கோயில் விமானமும் கருங்கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லால் எழுப்பப்பட்டவை. அக்காலத்துச் சாதாரண வீடுகள் எவையும் எஞ்சவில்லை. மண் சுவர் மழையில் கரைந்து நிலத்தோடு கலந்துவிட்டது. இதனால் ஊரின் கட்டட வரலாறு கோயில்களின் வரலாறாகவே எழுதப்பட்டது.

மண் சுவர்

இவ்வட்டாரத்து மண் சுவர் அச்சு இல்லாமல் கையால் எழுப்பப்பட்டது. தோண்டிய மண்ணைக் குழியில் கொட்டி, நீர் ஊற்றி, ஓரிரு நாள் ஊறவிட்டுக் காலால் மிதித்துப் பதப்படுத்துவர். வெடிப்பைக் குறைக்க வைக்கோல் துண்டும் உமியும் சேர்க்கப்படும். களி மிகுந்த மண் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்த மண் உதிரும். எனவே ஏரிக் களிமண்ணுடன் செம்மண்ணையோ மணலையோ கலந்து பதம் பார்ப்பது கட்டுபவரின் அனுபவத்தைச் சார்ந்தது.

பதப்படுத்திய மண்ணை உருண்டைகளாகப் பிடித்து ஒன்றரை அடி அளவு அகலத்தில் அடுக்கி ஒரு படை எழுப்புவர். ஒரு படை ஏறத்தாழ ஒரு முழம் முதல் ஒன்றரை முழம் உயரம் இருக்கும். அது காய்ந்து இறுகிய பிறகே அடுத்த படை வைக்கப்படும். அவசரப்பட்டால் கீழ்ப்படை பிதுங்கிவிடும். ஆகவே சுவர் எழுப்ப ஏற்ற காலம் தை அறுவடை முடிந்த பிறகு வரும் மாதங்கள். வயலில் வேலை குறைவு, ஏரி வற்றியிருக்கும், வெயில் சுவரைக் காயவைக்கும். வேளாண் ஆண்டின் ஓய்வுக் காலமும் வீடு கட்டும் காலமும் ஒன்றாக இருந்ததால் கூலிச் செலவு குறைந்தது. குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து வேலை செய்தனர்.

சுவர் முடிந்ததும் மண் பூச்சு பூசி, செம்மண்ணாலோ சுண்ணாம்பாலோ நிறமேற்றுவர். தரையும் திண்ணையும் சாணத்தால் மெழுகப்படும். மெழுகுவது பெண்களின் தொடர் வேலை. மண் வீடு மலிவானது என்று கூறும் கணக்குகளில் இந்த ஊதியமில்லாத உழைப்பு பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை.

தடித்த மண் சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக உள்வாங்கி இரவில் மெதுவாக வெளியிடுகிறது. காற்றின் ஈரத்தையும் ஓரளவு உறிஞ்சி வெளியிடுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலில் இதன் பயன் தெளிவாகத் தெரியும்.

மண் சுவரின் பெரும்பகை நீர். நீர் கீழிருந்தும் மேலிருந்தும் சுவரைத் தாக்கும். கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கக் கருங்கல் கடைக்காலும் உயர்ந்த பேஸ்மட்டமும் தேவை. மேலிருந்து விழும் மழையைத் தடுக்க நீண்ட இறவாரம் தேவை. இவ்விரண்டும் உள்ள மண் சுவர் பல தலைமுறை நிற்கும். இவை இல்லாத சுவர் ஓர் ஐப்பசி மழையிலேயே சரியக்கூடும்.

கூரை

சுவரை ஒரு முறை கட்டினால் போதும். கூரைக்கு மீண்டும் மீண்டும் செலவு செய்ய வேண்டும். பழைய வீடுகளில் முற்றிய பனையைப் பிளந்து எடுத்த கைகளும் மூங்கிலும் கூரைச் சட்டமாயின. அதன்மேல் பனையோலை, விழல், வைக்கோல் ஆகியவற்றால் வேய்ந்தனர். தென்னந்தோப்பு பரவிய பின் பின்னிய தென்னங்கீற்று எளிதில் கிடைத்தது. கீற்று ஓரிரு ஆண்டுகளில் மக்கிவிடும். பனையோலை அதைவிட நீண்ட காலம் தாங்கும். 19ஆம் நூற்றாண்டில் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் பரவிய சவுக்குத் தோப்புகள் மலிவான கூரைக் கழிகளைக் கொடுத்தன.

சற்று வசதியுள்ள வீடுகளில் குயவர் செய்த நாட்டு ஓடு வேயப்பட்டது. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின், சீமை ஓடு எனப்பட்ட தட்டை ஓடுகள் தென்னிந்தியா முழுவதும் பரவின. செல்வர் வீடுகளில் மர உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பால் இறுக்கிய மச்சு அமைந்தது. இது மெட்ராஸ் டெரஸ் எனப்படுகிறது. பேச்சுவழக்கில் கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு என்று வீடுகளைப் பிரித்தனர். இப்பெயர்கள் கூரையைக் கொண்டே அமைந்தவை. சுவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஓட்டு வீட்டின் சுவரும் பெரும்பாலும் மண்ணாகவே இருந்தது.

ஓலைக் கூரையின் பெரிய ஆபத்து தீ. கோடையில் ஒரு குடிசையில் பற்றிய தீ காற்றில் தெரு முழுவதும் பரவும். 1968 டிசம்பர் 25 இரவு தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அது கூலிப் போராட்டத்தையும் சாதியையும் சார்ந்த வன்முறை. ஏழைகளின் வீடு எவ்வளவு எளிதில் எரிக்கத்தக்கதாக இருந்தது என்பதையும் அது காட்டியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அதன் பின் தமிழகப் பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. இத்தகைய நிகழ்வுகள் கூரை வீட்டைப் பற்றிய பொதுமக்கள் கருத்தையும் அரசின் கொள்கையையும் ஆழமாகப் பாதித்தன.

மனை இல்லாதவர் வீடு

1763இல் செங்கல்பட்டுப் பகுதி ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவை அந்த ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், ஏரி, தோப்பு, வீட்டுமனை, குடிகள் ஆகிய விவரங்களைத் திரட்டியது. வரலாற்றாளர் தரம்பால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஆவணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

இப்பகுதியில் நிலம் மிராசு முறையில் இருந்தது. மிராசுதாரரின் உரிமையில் வயலோடு வீட்டுமனையும் கொல்லையும் அடங்கின. சேரியில் வாழ்ந்த உழவுத் தொழிலாளர்களின் வீடுகள் பெரும்பாலும் மிராசுதாரரின் நிலத்திலோ அவர் கட்டுப்பாட்டில் இருந்த பொது நிலத்திலோ நின்றன. சுவரையும் கூரையையும் தாங்களே கட்டியிருந்தாலும் மனை அவர்களுடையதாக இல்லை. கூலி கேட்டாலோ வேறிடம் வேலைக்குப் போனாலோ குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படலாம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கையில் இந்த நிலை விவரிக்கப்பட்டது. வீட்டுமனை மீதான உரிமையின்மை மக்களை நிலவுடைமையாளரோடு கட்டிப்போடுகிறது என்பது அதன் முக்கியமான கருத்துகளில் ஒன்று. 1892இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சாகுபடி நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்நிலங்கள் பின்னர் பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டு 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கோழியாளத்தில் பிறந்தவர். 1920இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி ஏற்படுத்தப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனைக்கான நிலம் எடுத்துக் கொடுப்பது அத்துறையின் பணிகளில் ஒன்றாயிற்று.

1971இல் தமிழ்நாடு அரசு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உடைமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. நிலவுடைமையாளரின் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளரும் கைவினைஞரும் தங்கள் குடியிருப்பு மனைக்கு உரிமை பெற இது வழிசெய்தது. 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. சேரிகளுக்கு அருகில் 'காலனி' என்ற பெயரில் புதிய குடியிருப்புகள் எழுந்தன.

மண் வீட்டின் தரம் இந்த வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் இருப்பவர் கருங்கல் கடைக்கால் போடமாட்டார், பேஸ்மட்டம் உயர்த்தமாட்டார், நிலையான மரச் சட்டம் வாங்கமாட்டார். தாழ்வான இடத்தில், கடைக்கால் இல்லாமல், தலை குனிந்து நுழையும் உயரத்தில் கட்டிய சுவர் ஒவ்வொரு மழைக்கும் கரைந்தது. சொந்த மனை உடையவர் அதே மண்ணால் கட்டிய வீடு நூறாண்டு நின்றது. மண்ணின் பலவீனம் என்று பின்னர் பதிவானவற்றில் பெரும்பகுதி மனையின் பலவீனமே.

இருளர் குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது. இவர்கள் பெரும்பாலும் ஏரிக்கரைப் புறம்போக்குகளில் சிறு குடிசைகளில் வாழ்ந்தனர். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர் கணிசமானோர். பிறர் வீட்டுக்குச் செங்கல் அறுத்த குடும்பங்கள் ஓலைக்குக் கீழே வாழ்ந்தன. பட்டா இல்லாததால் அரசு வீட்டுத் திட்டங்களும் இவர்களுக்கு நெடுங்காலம் எட்டவில்லை.

கச்சா வீடும் அரசுத் திட்டங்களும்

வீடுகளைக் கச்சா, பக்கா என்று பிரிக்கும் வழக்கம் அரசுக் கணக்கெடுப்புகளில் நிலைபெற்றது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பில் புல், ஓலை, மூங்கில், பிளாஸ்டிக், மண், சுடாத செங்கல் ஆகியவை கச்சாப் பொருள்களாக வகைப்படுத்தப்பட்டன. இதன்படி பிளாஸ்டிக் விரிப்பால் மூடிய தடுப்பும் கருங்கல் கடைக்காலில் நிற்கும் தடித்த மண் சுவரும் ஒரே வரிசையில் வந்தன.

1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் வீடுகள் தமிழக ஊர்களில் தொகுப்பு வீடுகள் என அறியப்பட்டன. 2010இல் மாநில அரசு கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 6 ஆண்டுகளில் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது அதன் இலக்கு. 2011இல் அதற்குப் பதிலாக வந்த சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஒவ்வொரு வீடும் 300 சதுர அடி. ஆண்டுக்கு 60,000 வீடுகள் இலக்கு. இதில் பசுமை என்ற சொல் கூரைமேல் வைத்த சூரிய விளக்கு அமைப்பைக் குறித்தது. சுவரும் தளமும் வழக்கமான செங்கல், சிமெண்டால் ஆனவை. 2016இல் மத்திய அரசின் ஊரகப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வந்தபோது, கான்கிரீட் கூரைக்கென்று மாநில அரசு தனியாக நிதி சேர்த்தது. செலவில் கூரையின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இதுவே சான்று.

2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் வீடுகளைக் கட்டிக் குடிசையில்லாத் தமிழகத்தை உருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. மொத்தப் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை அமைத்துக்கொள்ளலாம். ஓலைக் கூரைக்கும் மண் சுவருக்கும் இத்திட்டத்தில் இடமில்லை. செங்கல்லோடு இன்டர்லாக் கற்களும் ஏற்கப்படுகின்றன.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2020களின் தொடக்கத்தில் மலையாங்குளம், குன்னவாக்கம், ஊத்துக்காடு உள்ளிட்ட ஊர்களில் இருளர் குடும்பங்களுக்கென்று தொகுப்புக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. மழைக்கும் பாம்புக்கும் வெளியேற்றத்துக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்குப் பட்டாவுடன் கூடிய கான்கிரீட் வீடு பெரிய மாற்றம். முன்பு சுட்ட செங்கல்லும் சாந்தும் சிலருக்கு மட்டுமே உரியனவாக இருந்த சமூகத்தில், அதே பொருளால் ஆன வீட்டைக் கேட்பது சமத்துவக் கோரிக்கையும் ஆகும். மண் வீட்டைப் பரிந்துரைக்கும் கட்டடக் கலைஞர்கள் இதைக் கருத்தில் கொள்ளாதபோது அவர்களின் பரிந்துரை ஊர் மக்களிடம் எடுபடுவதில்லை.

புதிய பொருள்களின் விலை

கான்கிரீட் வீட்டின் செலவு வேறிடங்களில் வெளிப்படுகிறது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் நேர்வது. மெல்லிய கான்கிரீட் தளம் கோடைப் பகலில் சூடேறி இரவெல்லாம் வீட்டுக்குள் வெப்பத்தை வெளியிடுகிறது. ஓலை வீட்டிலிருந்து தொகுப்பு வீட்டுக்கு மாறிய குடும்பங்கள் வீட்டின் முன் மீண்டும் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொள்வதைத் தமிழக ஊர்களில் காணலாம்.

கட்டுமானத்துக்கான மணல் பாலாற்றிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் அள்ளப்பட்டதால் ஆற்றுப்படுகைகள் தாழ்ந்தன. உத்திரமேரூர் வட்டாரக் குன்றுகள் கல் குவாரிகளாயின. செங்கல் சூளைகளுக்கு மண்ணோடு விறகும் தேவைப்பட்டது. அதற்காக வெட்டப்பட்ட மரங்களில் பனையும் அடங்கும். கூரைக்கு ஓலையும் சட்டமும் தந்த மரம் சூளையில் எரிந்ததால் பழைய வீட்டைப் புதுப்பிப்பதும் கடினமாயிற்று. பனை ஏறவும் கூரை வேயவும் தெரிந்தவர்கள் குறைந்தனர். ஒரு காலத்தில் மிக மலிவாக இருந்த ஓலைக் கூரை இன்று கூலிச் செலவு மிகுந்ததாகிவிட்டது.

மண் கட்டுமானத்தின் மறுவருகை

மண்ணை நவீன முறையில் பயன்படுத்தும் முயற்சிகள் உலகெங்கும் 20ஆம் நூற்றாண்டில் நடந்தன. எகிப்தின் ஹசன் ஃபாத்தி 1940களில் நியூ குர்னா என்ற ஊரைச் சுடாத செங்கல்லால் வடிவமைத்தார். கூரைக்கு மரம் கிடைக்காத நாட்டில் மண் கல்லாலேயே வளைவுக் கூரை எழுப்பியது அவரது முக்கியமான பங்களிப்பு. 1950களில் கொலம்பியாவில் உருவான சின்வா ராம் என்ற கையழுத்தக் கருவி, மண்ணுடன் சிறிது சிமெண்ட் சேர்த்துக் கற்களை அழுத்தி எடுக்க உதவியது.

இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ஏ. கே. என். ரெட்டி தொடங்கிய ஆஸ்ட்ரா என்ற ஊரகத் தொழில்நுட்ப மையம் அழுத்திய மண் கற்களை ஆராய்ந்தது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையில் கரையாத மண் பூச்சையும் தீயை எதிர்க்கும் ஓலைக் கூரை முறையையும் உருவாக்கியது. கேரளத்தில் லாரி பேக்கர் செங்கல்லைச் சிக்கனப்படுத்தும் எலிப்பொறிக் கட்டு, கான்கிரீட்டின் நடுவே ஓடு பதிக்கும் தளம் ஆகியவற்றைப் பரப்பினார். அவர் பங்கேற்ற காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் 1985இல் தொடங்கப்பட்டது.

தமிழகத்தில் இதற்கான முதன்மை மையம் ஆரோவில். 1989இல் அங்கு தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் சத்பிரேம் மைனியின் தலைமையில் அழுத்திய மண் கற்களையும் மண் வளைவுக் கூரைகளையும் மேம்படுத்தியது. ஆரோவில் பார்வையாளர் மையம் 1992இல் ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கான ஹசன் ஃபாத்தி விருதைப் பெற்றது. பொதுவாக 5 விழுக்காடு அளவு சிமெண்ட் சேர்த்து அழுத்தப்படும் இக்கற்களைச் சுட வேண்டியதில்லை. சில வாரம் நீர் தெளித்து இறுகவிட்டால் போதும். இதனால் சூளையும் விறகும் தவிர்க்கப்படுகின்றன. மண் கற்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1725 ஆண்டு 2013இல் திருத்தப்பட்டது. திருவண்ணாமலையில் 2010களில் இருந்து இயங்கும் தண்ணல் என்ற குழு, சிமெண்ட் இல்லாமல் மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு வீடு கட்டும் பழைய முறைகளைப் பயிற்றுவிக்கிறது.

உத்திரமேரூரிலேயே ஒரு பழைய தொழில்நுட்பம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. சிதைந்திருந்த கைலாசநாதர் கோயிலின் செங்கல் விமானத்தை ரீச் அறக்கட்டளை சுண்ணாம்புச் சாந்து கொண்டு புதுப்பித்தது. சுண்ணாம்பைப் புளிக்கவிட்டுக் கடுக்காய், வெல்லம் ஆகியவற்றின் நீர் சேர்த்து அரைப்பது தமிழகத்தின் பழைய முறை. சிமெண்டுக்கு ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. சுண்ணாம்புக்கு 900 பாகை அளவே போதும். இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவின் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு மீண்டும் உள்ளிழுக்கிறது. கோயிலுக்காகக் காக்கப்பட்ட இக்கைத்திறன் வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு. சாந்து இறுகுவதற்கு நாள் அதிகம் ஆவதால் கூலியும் கூடுகிறது.

இன்றைய நிலை

மண் எடுப்பதும் முன்புபோல ஊரின் முடிவாக இல்லை. ஏரி மண் சிறு கனிம விதிகளின்கீழ் வருகிறது. 2017 முதல் ஏரிகளில் வண்டல் மண்ணையும் களிமண்ணையும் வேளாண்மை, மண்பாண்டம், வீட்டுப் பயன்பாடு ஆகியவற்றுக்குக் கட்டணமின்றி எடுக்கத் தமிழக அரசு அனுமதி அளித்துவருகிறது. 2024இல் இந்த அனுமதியை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியர்களுக்கு அளிக்கப்பட்டது. தூர் எடுத்த மண்ணை வீட்டுக்குப் பயன்படுத்தும் பழைய தொடர்புக்கு இதனால் சட்டவழி உள்ளது.

மண் வீட்டைப் பழைய வடிவிலேயே மீட்பது இவ்வட்டாரத்தில் நடைமுறைக்கு ஒவ்வாது. 2015 நவம்பர், டிசம்பர் மாதப் பெருமழை காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. தாழ்ந்த இடத்தில் நிற்கும் கடைக்கால் இல்லாத சுவர் அத்தகைய மழையில் உயிருக்கே ஆபத்தானது. அழுத்திய மண் கல், கருங்கல் கடைக்கால், உயர்ந்த பேஸ்மட்டம், நீண்ட இறவாரம், தீப்பிடிக்காத கூரை ஆகியவை சேர்ந்த வீட்டுக்கு இந்தத் தடை இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் இன்டர்லாக் கற்கள் ஏற்கப்பட்டுள்ளதால், உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்யும் கற்களுக்கும் அதில் வாய்ப்பு உண்டு. அதற்கு மண்ணைச் சோதிக்கும் வசதியும், கருவியும், பயிற்சி பெற்ற கொத்தனார்களும் ஒன்றிய அளவில் கிடைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் பயனாளியின் பெயரில் மனைப் பட்டா இருக்க வேண்டும் என்பது இன்றைய வீட்டுத் திட்டங்களின் முதல் நிபந்தனை. கி.பி. 921இல் உத்திரமேரூர் சபை கேட்ட தகுதிகளில் ஒன்றும் இதுவே. அன்று அது ஊராட்சியில் பங்கு பெறுவோரைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்டது. இன்று வீடு பெறுவோரைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுகிறது. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வாழும் குடும்பங்களுக்கு எந்தப் பொருளால் வீடு என்ற கேள்வி பட்டா கிடைத்த பிறகே தொடங்குகிறது.